மஹல்லா பைத்துல்மால்: முதல் வருடத்தை எப்படி நடத்துவது?

எங்கள் மஹல்லாவில், அதாவது எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில், கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவும் பைத்துல்மால் என்ற நிதி தொடங்கிப் பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன ஊர், 340 தலைக்கட்டு, அதாவது குடும்பம். இப்போதெல்லாம் பக்கத்து ஊர் இளைஞர்கள் தேடி வந்து, “பாய், எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், என்ன செய்யணும்?” என்று கேட்கிறார்கள். வரும்போதே கையில் ரசீதுப் புத்தக மாதிரி இருக்கும். பெயர் முடிவாகியிருக்கும், லோகோகூட வரைந்திருப்பார்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் ரமலான்ல தானா வருவாங்க பாய்” என்பார்கள்.

தானாக வருகிறவர்களுக்குக் கொடுக்க பைத்துல்மால் எதற்கு? அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நோன்பு இருபதைத் தாண்டினால் முதலாளிகள் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு சேலை, ஒரு நூறு ரூபாய்த் தாள், முடிந்தது ஜகாத், வசதியுள்ளவர் வருடா வருடம் கொடுத்தே ஆக வேண்டிய தர்மம். அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற வீடு எது என்று கண்டுபிடிக்கத்தான் பைத்துல்மால் வேண்டும். குர்ஆனில் இரண்டாம் அத்தியாயம் 273ஆம் வசனம் சொல்கிறதே, அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து விவரம் தெரியாதவர் வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வார், அவர்கள் யாரையும் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள் என்று, அந்த ஆட்கள் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள்.

பைத்துல்மால் என்றால் ‘செல்வத்தின் வீடு’. கலீஃபாக்கள் காலத்தில் அரசுக் கருவூலத்தின் பெயர் அது. நம் ஊர்களில் ஜகாத்தையும், விரும்பிக் கொடுக்கும் தர்மமான சதகாவையும் சேர்த்து வைத்து உதவுகிற நிதிக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

முதல் வேலை: வீடுகளைத் தெரிந்துகொள்வது

பணம் வசூலிப்பதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள். ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் கணக்கெடுக்கப் போனால், வீட்டுக்காரர்கள் ரமலான் உதவிக்கு என்று புரிந்துகொண்டு அதற்கேற்ற பதிலைத்தான் சொல்வார்கள்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தில் தலைக்கட்டு நோட்டு இருக்கும். யார் எவ்வளவு சந்தா கட்டுகிறார், யார் பாக்கி என்று அதில் தெரியும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வாடகைக்கு வந்தவர்கள், பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள், கணவன் விட்டுப்போய்த் தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் ஆகியோரின் பெயர் அந்த நோட்டில் இருக்காது. சந்தா கட்ட முடியாதவர்கள்தான் ஊரிலேயே கஷ்டத்தில் இருப்பவர்கள். அவர்கள் பெயர்தான் பட்டியலில் விடுபடுகிறது. எங்களுக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. முதல் வருடம் நோட்டைப் பார்த்து 41 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த வருடம் தெருத் தெருவாக நடந்து பார்த்தபோது நோட்டில் இல்லாத 19 குடும்பங்கள் கிடைத்தன. அவற்றில் பாதி, முன்பு நாங்கள் உதவிய வீடுகளைவிட மோசமான நிலையில் இருந்தன.

வீட்டுக்குள் போய்ப் பேச ஆண்களை அனுப்பாதீர்கள். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா, பால்வாடி டீச்சர், தையல் வேலை செய்யும் லாத்தா (அக்கா) மாதிரி எல்லா வீட்டுக்கும் சாதாரணமாகப் போய்வருகிற இரண்டு பெண்கள் போதும். கையில் படிவம் வேண்டாம். போய்ப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளட்டும். தெரிய வேண்டியது நான்கைந்து விஷயம்தான்:

- யார் சம்பாதிக்கிறார், எத்தனை நாள் வேலை கிடைக்கிறது
- வாடகையா, சொந்த வீடா
- ரேஷன் கார்டு இருக்கிறதா, எந்த வகை
- நகை அடகில் இருக்கிறதா. தண்டல், வாரக் கடன், குழுக் கடன் ஏதாவது கட்டுகிறார்களா
- பள்ளிக்கூடம் நின்ற பிள்ளை உண்டா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர் உண்டா

நான்காவது கேள்விதான் உயிர்நாடி. ஒரு வீட்டில் அரிசி இருக்கும், டிவி இருக்கும், பிள்ளைகள் நல்ல சட்டை போட்டிருப்பார்கள். ஆனால் வாரம் வரும் கூலியில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஜமாஅத்தும் ஹஜ்ரத்தும்

ஜமாஅத் நிர்வாகத்தோடு சண்டை போட்டுக்கொண்டு மஹல்லாவில் பைத்துல்மால் நடத்த முடியாது. அவர்களுக்குக் கீழேயே நடத்துவதும் நல்லதல்ல. பள்ளிவாசல் சொத்து வக்ஃபு வாரியக் கணக்கில் வருவது. அதன் வாடகை, குத்தகை வருமானத்தோடு ஜகாத் பணம் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. நிர்வாகம் மாறும்போதெல்லாம் உங்கள் நிதியும் ஆடும். எனவே பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியின் ஒப்புதலோடு தனி அமைப்பாக நடத்துங்கள். நிர்வாகத்திலிருந்து ஒருவரைக் குழுவில் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் வேண்டாம்.

பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் மூன்று நான்கு மாலை உட்கார்ந்து மார்க்கச் சட்டங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கடற்கரையோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) அதிகம், உள்ளே வந்தால் ஹனஃபி அதிகம், சில ஊரில் இரண்டும் உண்டு. இது வெறும் தொழுகை வித்தியாசம் இல்லை, உங்கள் வசூலையும் செலவையும் நேரடியாகத் தொடும். பெண்கள் அணிகிற நகைக்கு ஹனஃபியில் ஜகாத் உண்டு. ஷாஃபியில், அணிவதற்காக வைத்திருக்கும் அளவான நகைக்கு இல்லை என்பது பரவலான கருத்து. நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ராவைப் பணமாகக் கொடுக்கலாம் என்பது ஹனஃபி. ஊரில் உண்ணும் தானியமாகவே கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி. ஹனஃபியில் ஜகாத் பொருள் ஓர் ஏழையின் உடைமையாக ஆக வேண்டும். அதனால் அந்தப் பணத்தில் பள்ளிவாசலுக்குச் சுவர் கட்ட முடியாது, இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணி வாங்கவும் முடியாது. இதெல்லாம் தெரியாமல் ஒரே பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு விழித்தவர்கள் நிறைய. மத்ஹபுகளைப் பின்பற்றாத தவ்ஹீத் கருத்துள்ளவர்களும் ஊரில் இருப்பார்கள். விவாதம் நடத்த பைத்துல்மால் இடமில்லை. கொடுப்பவர் எந்தக் கருத்தில் கொடுக்கிறாரோ அதன்படி செலவு செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

பதிவு, வங்கி, வெளிநாட்டுப் பணம்

இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டு வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம், அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் சங்கமாகப் பதியலாம். சங்கம் என்றால் வருடா வருடம் பொதுக்குழு, பதிவாளருக்கு அறிக்கை என்று வேலை இருக்கும். சின்ன ஊருக்கு அறக்கட்டளை சுலபம் என்பது என் எண்ணம். பிறகு பான் அட்டை, இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு வங்கிக் கணக்கு. நடப்புக் கணக்காகத் திறந்தால் வட்டி வராது, அதை என்ன செய்வது என்ற குழப்பமும் வராது.

வருமான வரி விலக்குக்கான பதிவையும், கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவையும் ஆடிட்டர்கள் 12ஏ, 80ஜி என்று சொல்வார்கள். பத்திரம் எழுதும்போதே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். காரணம், ‘முஸ்லிம்களின் நலனுக்காக மட்டும்’ என்று நோக்கத்தில் எழுதிவிட்டால் 80ஜி கிடைக்காது. பொதுமக்கள் அனைவருக்கும் என்று எழுதினால் அப்படியே நடக்கவும் வேண்டும். அதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்ற வரம்பு ஜகாத்துக்குத்தான் உண்டு, சதகாவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கொடுத்தவர் பெயர், முகவரி இல்லாத பணம் ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளைக்கு 30% வரி விழும். ‘அல்லாஹ்வின் அடியான்’ என்று ரசீது போடச் சொல்பவர்களிடம், ரசீதில் எப்படி வேண்டுமானாலும் போடுகிறோம், எங்கள் பதிவேட்டில் பெயர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

நம் ஊர்களில் பணம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகளிடமிருந்துதான் வரும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்கிறவர் துபாயில் இருந்தாலும் ரியாத்தில் இருந்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் உங்கள் பெரியத்தா மகன் மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ வாங்கியிருந்தால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். நம் தெருவில் பிறந்தவர், தமிழ் பேசுகிறவர், இந்திய வம்சாவளி அட்டை வைத்திருப்பவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதை வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குப் பொதுவாக அமைப்பு மூன்று ஆண்டு இயங்கி, அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். கிடைத்தாலும் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். முதல் வருடம் உங்களுக்கு இது ஒத்துவராது. மலேசியா மச்சானிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உண்டியலில், அதாவது வங்கி வழியே இல்லாமல் ஹவாலாவில், அனுப்புகிறேன் என்று அவர் சொன்னால் அதைவிட மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஐந்து நோட்டு

பணம் எந்த வகையோ அந்த நோட்டில் வரவு, அந்த நோட்டிலிருந்தே செலவு. ஜகாத், ஃபித்ரா, சதகா என்ற பொது நன்கொடை, கடன் நிதி, வட்டிப் பணம் என்று ஐந்து. கடைசியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வங்கியில் விழுந்த வட்டியைத் தொடவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் இருக்கிறவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நன்மையை எதிர்பார்க்காமல் கைகழுவுகிற பணம் அது. எங்கள் ஹஜ்ரத் சொன்னபடி பொதுக் கழிப்பறை, வடிகால், தெருவிளக்கு என்று செலவிடுகிறோம்.

ரசீதை வகைக்கு ஒரு நிறத்தில் அச்சடியுங்கள். வசூல் செய்யும் பையன் மறந்தாலும் நிறம் மறக்காது. நிர்வாகச் செலவுக்கு ஜகாத்திலிருந்து எடுக்கலாமா என்றால், குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறலாம் என்று சொல்லும் எட்டு வகையினரில் ஜகாத் வேலை செய்கிற ஆமில்களும் உண்டு. ஆனால் முதல் வருடத்தில் அதைத் தொடாதீர்கள். நோட்டு, பேனா, பஸ் காசுக்குக் குழுவில் இருப்பவர்களே மாதம் ஆளுக்கு இருநூறு போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் பேச்சு வர ஒரு டீ செலவு போதும்.

ஜகாத் கணக்குப் போட உதவுவது

‘ஜகாத் தாருங்கள்’ என்று கேட்பதைவிட ‘ஜகாத் கணக்குப் பார்த்துத் தருகிறோம்’ என்று சொன்னால் இரண்டு மடங்கு வருகிறது. பலரும் கொடுக்க மனமில்லாமல் இல்லை. கணக்குத் தெரியாமல் ஒரு குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டு மனம் உறுத்திக்கொண்டிருக்கிறார்கள். ரமலானுக்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்குத் தெரிந்த ஒருவரும் ஹஜ்ரத்தும் மேசை போட்டு உட்காருங்கள்.

ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாப் தங்கத்தில் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளியில் 595 கிராம். ஹனஃபிக் கணக்கில் இரண்டும் சற்றுக் கூடி 87 கிராம், 612 கிராம் என்று வரும். அந்த அளவு சொத்து ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் இரண்டரை சதவீதம். ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம்.

கடையில் இன்றைய விலைக்குச் சரக்கு 4,00,000. கையிலும் வங்கியிலும் 60,000. வரவேண்டிய நல்ல பாக்கி 90,000. ஆக 5,50,000. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 1,50,000. அதைக் கழித்தால் 4,00,000. ஜகாத் 10,000 ரூபாய்.

ஃபிரிட்ஜ், தராசு, டெலிவரி வண்டி, கடைக் கட்டடம் எதுவும் இதில் சேராது. இந்த இடத்தில் ஒரு சிக்கல். தங்கம் இன்று விற்கிற விலைக்கு, தங்கக் கணக்கில் பார்த்தால் இந்தக் கடைக்காரர் நிஸாபைத் தொடவே மாட்டார், வெள்ளிக் கணக்கில் பார்த்தால் தாராளமாகத் தொடுவார். ஏழைக்குச் சாதகம் என்று வெள்ளியை எடுப்பவர்கள் உண்டு, தங்கத்தைச் சொல்பவர்களும் உண்டு. மேசையில் ஹஜ்ரத் இருக்க வேண்டும் என்றது இதற்குத்தான். அப்புறம், மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கடைக்காரர்களுக்கு ஒன்று: சந்திர ஆண்டு 354 நாள், ஆங்கில ஆண்டு 365 நாள். அந்தப் பதினோரு நாளுக்கும் சேர்த்து 2.577 சதவீதம் போடச் சொல்லுங்கள். வியாபாரிகளுக்கு இந்த மாதிரி நுணுக்கம் பிடிக்கும். நம் கணக்கின் மேல் நம்பிக்கை வரும்.

கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, “உங்க தம்பியோ தங்கச்சியோ கஷ்டத்துல இருந்தா முதல்ல அங்க கொடுங்க, மீதியை எங்ககிட்ட கொடுங்க” என்று சொல்லுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் ஆகாது, உடன்பிறந்தவர்களுக்கு ஆகும். இப்படிச் சொன்னதால் எங்களுக்கு வரவேண்டிய பணம் குறைந்தது உண்மை. அடுத்த வருடம் அதே ஆட்கள் இன்னும் நான்கு பேரைக் கூட்டிவந்ததும் உண்மை.

கொடுப்பது

இதற்குத்தான் நிறைய நேரம் வேண்டும்.

எங்கள் முதல் பெரிய தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தெருவில் ஆறு பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். மேடை, பேனர், போட்டோ எல்லாம் உண்டு. அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை ஜாக்கெட் தைக்க வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எட்டு மாதத்தில் மூன்று மிஷின் விற்றாகிவிட்டது, இரண்டின் மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பெண் இன்றும் தைக்கிறார். அவர் ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்தவர். மற்ற ஐந்து பேரும் மிஷின் வேண்டும் என்று கேட்டவர்களே இல்லை, நாங்களாக முடிவு செய்தோம். அதிலிருந்து இரண்டு பழக்கம் வந்தது. எது வேண்டும் என்று அவர்களையே கேட்கிறோம். போட்டோ எடுப்பதில்லை.

போட்டோ விஷயத்தில் உங்களுக்கு நெருக்கடி வரும். “நாங்க அனுப்பின காசு போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?” என்று வாட்ஸப்பில் கேட்பார்கள். கடைப் பில், பள்ளிக் கட்டண ரசீது, ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் பெயரை மறைத்து அனுப்புங்கள். முகம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவரின் பணம் இல்லாமலும் நடத்தலாம். இந்த ஊரில் அந்தப் பெண்ணின் மகள் நாளைக்கு மணப்பெண். அரிசி மூட்டையோடு நிற்கிற படம் மாப்பிள்ளை வீட்டார் போனில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் பணத்தில் கைவைக்கும் முன் அரசிடம் வரவேண்டியதை வாங்கிக் கொடுங்கள். விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, பிள்ளைகளுக்குச் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை, சிறுதொழிலுக்குச் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோவின் கடன் என்று எத்தனையோ இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டை எடுக்காமல் இருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் முப்பதுக்கு மேல் இருந்தன. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. ஆதாரில் ‘பாத்திமா பீவி’, ரேஷன் கார்டில் ‘ஃபாத்திமா பேகம்’ என்று இருப்பதால் நின்றுபோன உதவித்தொகைகள் ஏராளம். இ-சேவை மையத்துக்குக் கூடப் போய்த் திருத்திக் கொடுக்கிற ஒரு கல்லூரிப் பையன், ஒரு லட்சம் ரூபாய் நன்கொடைக்குச் சமம். மிகைப்படுத்தவில்லை, ஒரு வருடம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மருத்துவத்துக்குப் பணம் தருவதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கே கட்டிவிடுங்கள், கல்விக் கட்டணத்தைப் பள்ளிக்கே கட்டிவிடுங்கள். மற்றபடி, வீட்டுச் செலவுக்கு மளிகைப் பொட்டலம் வேண்டாம், பணமாகவே கொடுங்கள். பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று குழுவில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பத்து வருடத்தில் எங்களுக்கு அப்படித் தெரிந்தே வீணானது இரண்டு வீடு. அந்த இரண்டிலும் பணத்தை வாங்கியது குடிகாரக் கணவன். அதிலிருந்து பெண்ணின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுகிறோம். மற்ற எல்லா வீட்டிலும் என்ன வாங்குவது என்று நம்மைவிட அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். நாம் பருப்பு கொடுப்போம், அங்கே கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும்.

கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள். வேலைக்குப் போக முடியாது, வருமானம் நின்றிருக்கும், சடங்குச் செலவில் கடனும் ஆகியிருக்கும். இறந்தவருக்காக ஓதும் ஏழாம் நாள் பாத்திஹாவுக்குப் பிரியாணி போட ஊர் ஓடிவரும், நாற்பதுக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு விதி: மய்யித்து அடக்கம் ஆன மூன்றாம் நாளுக்குள் வீடு பார்க்கப் போகிற லாத்தாக்கள் இருவரும் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். நான்கு மாதச் செலவு கேட்காமலே கணக்கில் ஏறிவிடும். வேறு எந்த உதவிக்கும் குழுக் கூட்டம் உண்டு, இதற்குக் கிடையாது.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு, காரிமீன் என்பார்கள். தண்டல்காரரிடம் நேரே போய் அசலைப் பேசிமுடித்துக் கட்டுங்கள், கூட ஊர்ப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். கட்டியதும் எழுதிக்கொடுத்த புரோநோட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் கையில் வாங்காமல் நகராதீர்கள்.

ஒரு நடைமுறைப் பிரச்சினை: பணம் ரமலானில் வருகிறது, பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது. வந்ததை எல்லாம் பெருநாளுக்குள் கொடுத்துத் தீர்த்தால் ஜூனில் கைவிரிக்க வேண்டும். எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதை ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த ரமலானுக்குள் ஜகாத் நோட்டைப் பூஜ்யம் ஆக்கிவிடுகிறோம்.

வட்டியில்லாக் கடன்

இது தனி நோட்டு, சதகாவாக வந்த பணத்தில் மட்டும். கர்ழன் ஹஸனா, அழகிய கடன் என்று பெயர். அழகாகத் திரும்பி வருவது நம் கையில்தான் இருக்கிறது. முதல் வருடத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே நம்மிடம் கடன் வாங்கி அடைத்தவராக இருந்தால் நல்லது. நகையை ஈடாக வாங்கினால் எடைபோட்டு, கையெழுத்து வாங்கி, வங்கி லாக்கரில் வையுங்கள். குழுவினர், அவர்களுடைய மச்சான், மாமன் யாருக்கும் இந்த நிதியில் கடன் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி எழுதாததால் மூடிய கடன் நிதிகளை எனக்குத் தெரியும்.

ஊர்க்காரர்கள், “என் காசையும் உங்ககிட்ட போட்டு வைக்கிறேன், கேக்கும்போது தாங்க” என்பார்கள். நம்பிக்கையில் சொல்வதுதான். வாங்காதீர்கள். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு 2019இல் தடைச் சட்டம் வந்திருக்கிறது. ஹலால் முதலீடு என்ற பெயரில் நம் மக்களே நம் மக்களிடம் சுருட்டிய கதைகளும் போதுமான அளவு இருக்கின்றன.

ஃபித்ரா, குர்பானி, இரத்தம்

ஃபித்ரா ஆளுக்கு ஒரு ஸாவு, அரிசியில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். வசூலைப் பிறை 27க்குள் நிறுத்தினால்தான் பொட்டலம் கட்ட நேரம் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானித் தோல் விற்றுத்தான் முன்பு மதரஸாக்கள் ஓடின. விலை விழுந்துவிட்டதால் இப்போது அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கறியைப் பொறுத்தவரை ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு முதல் நாளே மூன்று கிலோ கொடுப்பதைவிட, மூன்று நாளும் ஒரு கிலோவாகக் கொடுங்கள்.

இரத்த தானப் பட்டியல் காசில்லாத சேவை. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்கு மேல். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரமலானில் இரத்தம் கேட்டு வரும் அழைப்புகளுக்கு நோன்பு திறந்த பிறகு போகிற மாதிரி ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

புயல், வெள்ளம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. தென்னை மொத்தமும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நாங்கள் முதல் நாள் சமைத்த சோற்றைப் பொட்டலம் போட்டுக்கொண்டு லாரியில் கிளம்பினோம். போன இடத்தில் ஏற்கெனவே மூன்று லாரிச் சோறு நின்றது, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்த குடியிருப்பில் யாருமே போகவில்லை. இரண்டாம் நாள் ஆட்களைக் கேட்டோம். மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய், அப்புறம் ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டரைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் மோட்டார் ஓட்டித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம், போன்களை சார்ஜ் செய்தோம். சோற்றைவிட அதற்குத்தான் கூட்டம்.

உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் அளவுகோலில், குடிக்க, சமைக்க, சுத்தம் செய்ய ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று இருக்கிறது. ஐம்பது குடும்பம் தங்கிய மண்டபத்துக்கு அதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், தண்ணீர் பாட்டில் பெட்டிகளால் ஒன்றும் ஆகாது, டேங்கர் வேண்டும் என்று தெரியும். பழைய துணி வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழந்துணியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புது நைட்டி, உள்ளாடை, நாப்கின் மூன்றையும் வாங்கிப் பெண்கள் கையில் பெண்கள் கொடுங்கள்.

இங்கே செலவாவது முழுக்க சதகா நோட்டு. யார் என்ன மதம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பெயரெழுதிய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போவது பற்றி எங்கள் குழுவில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. அடையாளம் இருந்தால் போலீஸ் தடுக்காது என்கிறார்கள் இளைஞர்கள். சரி, சட்டையில் இருக்கட்டும், அரிசி மூட்டையில் வேண்டாம் என்று முடித்திருக்கிறோம்.

வருடக் கடைசி

ஷஅபான் மாதம் பிறந்ததும் கணக்கை மூடுங்கள். குழுவில் இல்லாத இரண்டு பேர், முடிந்தால் உங்களைக் குறைசொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவரும் அதில் சேர்ந்து, ரசீதையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கத் தாள்: நோட்டு வாரியாக வரவு, செலவு, இருப்பு, எத்தனை குடும்பத்துக்கு மாத உதவி, எத்தனை பிள்ளைக்குக் கட்டணம், எத்தனை கடன் திரும்பவில்லை. திரும்பாத கடனை மறைக்காதீர்கள், எப்படியும் ஊருக்குத் தெரியும்.

வாங்கியவர்கள் பெயர் மட்டும் அந்தத் தாளில் வராது. அந்த நோட்டு தனி. பெயர் எழுதாமல் வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கு உரிய பெயரை வேறொரு சின்ன டைரியில் எழுதுகிறோம். டைரி பூட்டிய பெட்டியில் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கிறது. பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி பொருளாளரிடம், இன்னொன்று வீடு பார்க்கப் போகிற லாத்தாவிடம். தலைவரிடம் சாவி இல்லை. எங்கள் ஊரில் நான்தான் தலைவர்.